டயர் ரப்பர் போட்ட கம்பு

பேசக்கூடாத இடத்தில் எனக்கு வேலை. பல்கலைக்கழக நூலகத்தில் அட்டெண்டர்.

மாடியில் பெரிய வாசிப்பு அறை. படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் அதன் வாசல். வாசலில் எனக்கு ஒரு முக்காலி. பக்கத்துச் சுவரில் சின்னக் கதவு ஒன்று. திறந்தால் உள்ளே கயிறும் பெட்டியும். கீழே ஸ்டோரில் இருப்பவர் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கயிற்றை ஆட்டுவார். நான் மேலே இழுப்பேன். தண்ணீர் இறைக்கிற மாதிரிதான், தண்ணீருக்குப் பதில் புத்தகம். இங்கிலீஷில் எனக்கு எண் மட்டும் தெரியும். புத்தக முதுகில் எண்தான் இருக்கும். அது போதும்.

அறைக்குள் யாரும் பேசக்கூடாது. சுவரில் போர்டு மாட்டியிருந்தது.

நான் தங்கியது சிராங்கூன் ரோட்டை ஒட்டி ஒரு மாடி அறையில். பல பேர் சேர்ந்து எடுத்த அறை. ஒருவருக்குத் துறைமுகம், ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குக் காவல் வேலை. எல்லாருக்கும் வேறு வேறு ஷிப்ட். நான் போகும்போது எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் பேச முடியாது. சில நாள் காலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

இது அறுபதுகளின் தொடக்கத்தில்.

அந்த வருஷம் ஒரு தம்பி ஒரு வருஷப் படிப்புக்கு வந்தார். நம்ம ஆள். வீடு செம்பவாங் பக்கம். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் விளங்காமல் போய்விட்டது. அந்தக் காலில் பூட்ஸ், பூட்ஸில் இருந்து முட்டிக்கு மேல் வரை இரும்புக் கம்பி. கக்கத்தில் கொடுத்து ஊன்ற ஒரு மரக் கம்பு. ஆஸ்பத்திரியில் கம்புக்கு ரப்பர் மாட்டித்தான் கொடுத்தார்களாம். அது தேய்ந்து போய் மரம் தெரிந்தது. பூட்ஸ் அடியிலும் இரும்பு.

கீழே வராந்தாவில் அவர் வரும்போதே மேலே எனக்குக் கேட்கும். டொக் என்று கம்பு. அப்புறம் இரும்பு இழுபடுகிற சத்தம். மறுபடி டொக். நான் எழுந்து இறங்குவேன்.

முதல் நாள் கையைப் பிடிக்கப் போனேன்.

"கைய விடுங்கண்ணே. பையப் புடிங்க. அதுதான் என்னைவிட கனம்."

அன்றிலிருந்து பையை மட்டும் வாங்கிக்கொள்வேன். பாதிப் படியில் ஒரு திருப்பம் உண்டு, ஒரு ஜன்னலும் உண்டு. அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அந்த இடத்தில் பேசலாம். மேலேயும் சேராது, கீழேயும் சேராது.

"அண்ணே, அந்தப் பெட்டியில என்னைய வச்சு இழுத்துட முடியாதா?"

"கயிறு அந்துரும் தம்பி."

"நான் புத்தகத்தைவிட லேசுதான்."

"புத்தகம் வாய் பேசாது."

சிரிப்பார். பஸ் லேட்டானது, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு, பாடம் நடத்துகிற வெள்ளைக்காரர் மூக்கால் பேசுவது, எல்லாம் அங்கேதான் சொல்வார். நான் அதிகம் பேச மாட்டேன். கேட்பேன். அப்புறம் மேலே ஏறுவோம். வாசலைத் தாண்டினால் இருவருக்கும் வாய் கிடையாது.

அறைக்குள் மரத் தரை. கம்பு அதில் பட்டால் கூரை வரைக்கும் கேட்கும். அவர் புத்தகம் எடுக்க எழுந்தால் எல்லாத் தலையும் நிமிரும். அவர் உட்கார்ந்தபின் தலைகள் குனியும். அதனால் அவர் எழுவதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டார். தூணுக்குப் பக்கத்தில் ஒரு தனி மேசையில் உட்கார்ந்தால் மாலை வரை அங்கேதான்.

அப்படியும் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள்.

எங்களுக்கு மேலே இருந்த கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, சீனர். நல்ல மனிதர். என்னோடு மலாயில்தான் பேசுவார்.

"பிசிங்லா அந்தக் கம்பு. ஒரே சத்தம். படிக்கிறவங்க கத்துறாங்க. திங்கக்கிழமைலேர்ந்து அவருக்குக் கீழ ஸ்டோர்ல மேச போடு. ஃபேன் இருக்கு, லைட் இருக்கு. புத்தகத்த நீ பெட்டியில எறக்கிக் குடு. அவருக்கும் படி ஏற வேணாம். நல்லதுதானே?"

கேட்க நல்லதாகத்தான் இருந்தது. மேசை போட்டேன். பக்கத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டுகிற இடம். பசை வாடை. ஜன்னல் கிடையாது.

தம்பி உட்கார்ந்தார். சீட்டில் எண் எழுதி அனுப்பினார். நான் பார்த்தேன். அந்தப் புத்தகத்தின் முதுகில் சிவப்புப் பட்டை.

சிவப்புப் பட்டை என்றால் பரீட்சைக்கு எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம். ஒரு பிரதி, இரண்டு பிரதிதான் இருக்கும். வாசிப்பு அறையை விட்டு அது வெளியே போகக்கூடாது. மேலேயே உட்கார்ந்து, குறித்த நேரம் படித்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

கிராணியிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சிவப்புப் பட்ட எறங்கக்கூடாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வேற புத்தகம் எது வேணும்னாலும் எறக்கு."

வேறு புத்தகம் எதற்கு? பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். தம்பி சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப பரீட்சைய ஃபேனப் பாத்து எழுதிற வேண்டியதுதான்."

நான் படிப் பக்கம் திரும்பினேன்.

"புத்தகம் மட்டும் இல்லண்ணே. மேல இருந்தா, இந்தப் பக்கம் படிச்சியா, அந்தக் கேள்வி வரும்னு எவனாச்சும் ஒரு துண்டுச் சீட்டு தள்ளுவான். இங்க யாரு தள்ளுவா, எலியா?"

அந்த வாரம் முழுக்க அவர் கீழே இருந்தார். நான் மேலே இருந்தேன். கயிறு ஆடினால் இழுத்தேன். படித் திருப்பத்தில் யாரும் உட்காரவில்லை.

வாரக் கடைசியில் கிராணியிடம் கேட்டேன். "சத்தம் போயிட்டா மேல உக்காரலாமா?"

"சத்தம் இல்லேன்னா எனக்கு என்ன? கூரைமேல வேணாலும் உக்காரட்டும்."

கெர்பாவ் ரோட்டில் ஒரு கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். பழைய டயரை வெட்டிச் செருப்பு போடுவார். துறைமுகத்துக் கூலிகள் எல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். வருஷக் கணக்கில் தேயாது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை அங்கே வரச் சொன்னேன். பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

செருப்புக்காரர் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, கார் டயரா, லாரி டயரா?"

"எது நல்லது?"

"லாரி போட்டா ஜொகூர் வரைக்கும் ஓடலாம்."

"அப்ப லாரி. ஹாரனும் ஒண்ணு மாட்டிருங்க."

"வேணாம்பா. சத்தத்தக் கொறைக்கத்தானே வந்திருக்கீங்க."

பூட்ஸைக் கழற்ற வேண்டியிருந்தது. தம்பி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். கால் குச்சியாக இருந்தது. காய்கறிக் கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். நான் தம்பிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தேன்.

கம்பின் நுனிக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு ஆணி இறக்கி, ஆணித் தலை உள்ளே புதைகிற மாதிரி அடித்தார். பூட்ஸ் அடிக்கு ஒரு டயர்த் துண்டு. வெயில் ஏறிவிட்டது. முட்டுச்சந்துக் கடையில் தேத்தண்ணீர் குடித்தோம்.

"ஞாயித்துக்கெழமைல நீங்க என்னண்ணே செய்வீங்க?"

"துணி தொவைப்பேன்."

"அப்பறம்?"

"காயப் போடுவேன்."

"அப்பறம்?"

"எடுத்து மடிப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு தொவைக்கலையா?" என்றார்.

"அடுத்த வாரம் தொவைச்சுக்கலாம்."

பஸ் ஏற்றிவிட்டேன். நடந்து போகும்போது சத்தமே இல்லை. சந்தைக் கூட்டத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

திங்கட்கிழமை கிராணி வாசலில் நின்று காதைக் கொடுத்தார். தம்பி அறைக்குக் குறுக்கே நடந்தார். ஒரு தலைகூட நிமிரவில்லை. கிராணி தலையாட்டினார். "பாகுஸ், நல்லது," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றே சிவப்புப் பட்டைப் புத்தகம் தம்பி கைக்குப் போனது.

ஒன்றை நானும் யோசிக்கவில்லை, செருப்புக்காரரும் யோசிக்கவில்லை. அவர் போடுவது தெருவில் நடக்கிற செருப்பு. இது மெழுகு போட்டுத் தேய்த்த தரை. மாலையில் பார்த்தால் தரை பூரா கறுப்பு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஆணிப் பள்ளம் வெள்ளைப் புள்ளியாக. பக்கத்தில் பூட்ஸ் இழுபட்ட கோடு.

கிராணி பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"நான் தொடைச்சிர்றேன்," என்றேன்.

"தெனமுமா?"

"தெனமும்."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தால் போகும். எல்லாரும் போனபின் மண்டிபோட்டுத் தேய்ப்பேன். அறைக்குப் போனாலும் யாரோ தூங்கிக்கொண்டுதான் இருக்கப்போகிறார்கள். அவசரம் இல்லை.

தேய்க்கும்போது தம்பி எங்கெங்கே போனார் என்று தெரியும். முதலில் வாசலில் இருந்து தூண் மேசைக்கு ஒரு வரிசை, திரும்பி ஒரு வரிசை. அவ்வளவுதான். சில நாளில் வட்டங்கள் அலமாரிப் பக்கம் போயின. தண்ணீர்க் கூஜாவுக்குப் போயின. பிறகு ஜன்னலோரம் நீள மேசைக்குப் போயின. அங்கே கூட்டமாக உட்கார்ந்து படிப்பார்கள். அப்புறம் தூண் பக்கம் வட்டமே இல்லை. மேல் வராந்தாவிலும் விழ ஆரம்பித்தன. அங்கே பையன்கள் நின்று சிகரெட் பிடித்துப் பேசுவார்கள்.

நல்லது என்று நினைத்தேன். நல்லதுதான்.

ஆனால் அவர் வருவது எனக்குக் கேட்கவில்லை. கீழே எப்போது வந்தார், எப்போது ஏறினார், தெரியாது. முதலில் ஒன்றிரண்டு நாள் பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் அவர் ஏற்கெனவே என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருப்பார். பின்னால் ஒரு சீனப் பையன் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போவான். தம்பி திரும்பிக் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். பேச முடியாது, வாசலைத் தாண்டியாயிற்று.

படித் திருப்பத்தில் அந்தப் பையனோடு உட்கார்ந்து பேசுவது ஒருநாள் லேசாகக் கேட்டது. இங்கிலீஷ். நான் எழுந்திருக்கவில்லை.

பரீட்சை வந்தது. வேறு கட்டடத்தில் நடந்தது. அறை காலியாகிவிட்டது. கடைசி நாள் எல்லாரும் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். அன்று மத்தியானம் முழுக்கக் கயிறுதான். பெட்டியை நிரப்பு, இறக்கு, காலிப் பெட்டியை இழு. சுவர்க் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கப்பி கிறீச்சிடும். வேறு எதுவும் கேட்காது.

பல மாதம் கழித்து, தம்பி பாஸ் என்று கிராணி சொன்னார். கிள்ளான் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்ததாம்.

புத்தகம் குவிந்த அந்தக் கடைசி நாள் மாலை நான் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அறைக்குள் வட்டம் எதுவும் இல்லை. நீள மேசையில் இல்லை, வராந்தாவில் இல்லை. டின்னை வைக்கலாம் என்று திரும்பினேன்.

என் முக்காலிக்குப் பின்னால் இருந்தது. படியிலிருந்து நேராக அங்கே வந்திருந்தது. ஒரே ஒரு வட்டம் அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக, அப்பியது போல. கம்பை மாற்றி மாற்றி ஊன்றி ரொம்ப நேரம் நின்றால்தான் அப்படி விழும். பிறகு ஒரு வரிசை படிக்குத் திரும்பிப் போயிருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அது வாசிப்பு அறை வாசல். போர்டு அவருக்கும் தெரியும்.

டின்னை மூடி முக்காலிக்கடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். மறுநாள் காலையில், கதவு திறப்பதற்கு முன், துடைத்தேன்.