கடைசிப் பக்கத்தின் கீழே நைனாவின் பெயர்

இன்று பந்தி தொடங்கும் முன்பே இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் கொடுத்திருப்பார்கள். தயவுசெய்து சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள். எங்கள் அப்பா, நைனா, மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அவருடைய பொறுமை, பக்தி, இனிய சொல் என்று வரிசையாக எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவருக்குப் பொறுமை கிடையாது. இனிய சொல்லை விருந்தாளிகளுக்கு மட்டும் எடுத்து வைத்திருந்தார். அவர் அடி வாங்கினார், அடியும் கொடுத்தார். கடைசியாக அவரைக் குளிப்பாட்டியவர்கள் அந்தத் தழும்புகளைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஓராண்டில் ஒரு பேச்சு என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், துக்க வீட்டில்கூட. "நல்ல மனுஷன்தான். ஆனா பேப்பர்ல பொய்யா ஒண்ண போட்டு ஒருத்தன் கண்ண போக்கிட்டாரே" என்று. சொன்னவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், இன்று பந்தியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அம்மாவின் அனுமதியோடு இந்தப் பக்கங்களை எழுதுகிறேன்.

நைனா பிறந்தது கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில், கிணற்றை நம்பிப் பயிர் செய்த குடும்பத்தில். நிலம் அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரிந்தபோது, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருத்தணிக்கு வந்தார். 'மலைப்படி' என்ற வார இதழின் அச்சகத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த இதழ் டவுன் பஸ்களில் கட்டுக்கட்டாக ஏறி ஆர்.கே.பேட்டை வரை போகும்.

இதழை ஆரம்பித்தவர் ஒரு நூல் வியாபாரி. எழுதுவதில் ஆர்வம் உண்டு, கோர்ட் என்றால் நடுக்கம். ஒவ்வொரு இதழிலும் கடைசிப் பக்கத்தின் கீழே, ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் யார் என்று பெயர் போட வேண்டும் என்பது சட்டம். செய்தியில் வில்லங்கம் வந்தால் போலீஸ் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். நூல் வியாபாரி நைனாவைக் கூப்பிட்டு, "எனக்குப் புள்ள குட்டி கீது. நீ ஒண்டிக்கட்ட. உன் பேர போட்டுக்கலாம்பா" என்றார். நைனாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லையாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. இதழ் கைமாறிய போதெல்லாம் மிஷின், மேசை, பீரோ, நைனாவின் பெயர் எல்லாம் சேர்ந்தே கைமாறின.

முதல் அடி அந்த நூல் வியாபாரி காலத்திலேயே விழுந்தது. விசைத்தறிக்கூடம் வைத்திருந்த ஒருவர், தன்னிடம் வேலை செய்த நெசவாளியை அறையில் பூட்டி வைத்து அடித்தார். இதழில் அது வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் நான்கு பேர் தறிக்கட்டைகளோடு அச்சகத்துக்குள் நுழைந்தார்கள்.

"யார்யா இதுல பேர் போட்டுகினு கீறவன்?"

முதலாளி நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நைனா எழுந்து, "ஆங், நான்தான்" என்றார். தோள்பட்டை எலும்பு உடைந்தது. புத்தூர்க்கட்டுப் போட்டுக் கூடியது என்றாலும், கடைசி வரை அவரால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நூல் வியாபாரி அந்த மாதமே இதழைத் தள்ளிவிட்டார்.

வாங்கியவர் கல்குவாரிக்காரர். எதிரிக் குவாரியைத் திட்டுவதற்கென்றே வாங்கினார். எதிரிக் குவாரியில் வெடி வைக்கும்போது கல் தெறித்து ஒரு பெண் செத்துப்போனது உண்மை, அதை இதழ் எழுதியதும் உண்மை. ஆட்கள் வந்தது ஒரு புதன்கிழமை பகலில், மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. எழுத்துப் பெட்டிகளைத் தெருவில் கவிழ்த்தார்கள். டீசலை ஊற்றிக் காகிதத்தைக் கொளுத்தினார்கள். இரண்டு பேர் நைனாவைப் பிடித்து அவருடைய வலது கையை ஓடும் மிஷினுக்குள் கொடுத்தார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் அங்கேயே நசுங்கின. கையை உருவிக்கொண்ட நைனா, அலறியபடியே, எழுத்தை முடுக்கும் இரும்புச் சட்டத்தை இடது கையால் எடுத்து ஒருவன் முகத்தில் விட்டார். தாடை பெயர்ந்தது. அவன் சாகிற வரைக்கும் கஞ்சிதான் குடித்தான் என்று சித்தப்பா எல்லா விசேஷத்திலும் சொல்வார். அது பொய். மூன்று மாதம்தான்.

அந்த வழக்கும் நைனா தலையில்தான் விழுந்தது. அம்மா அன்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கத்தினார். "பேர எடுத்துட்டு வா. இல்லன்னா நான் எங்க ஊட்டுக்குப் போறேன்."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நைனா சொன்னதை அம்மா இன்றும் அப்படியே சொல்வார். "மொதலாளி மாறிகினே இருப்பான்டி. அடி வாங்கறவன் ஒருத்தனா இருந்தாதான் எழுதறதுல பயம் இருக்கும். பயம் போச்சுன்னா கண்டதையும் எழுதுவானுங்க."

எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. வளர்ந்த பிறகு முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். மூன்றாவது முதலாளியாக வீட்டுமனை விற்பவர் ஒருவர் வந்தபோது நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தேன். ஈய எழுத்து போய்விட்டது. பக்கங்களை நான் வீட்டிலேயே அமைப்பேன், வெளியூரில் அச்சாகி வரும். நைனா ஒவ்வொரு பக்கத்தையும் காகிதத்தில் எடுத்து வரச் சொல்லி, மூன்று விரலில் சிவப்புப் பேனாவைப் பிடித்து வரி வரியாகப் படிப்பார். அவர் படிக்காமல் ஒரு பக்கமும் போனதில்லை, ஒரே ஒரு முறை தவிர.

கடைசி நேரத்தில் விளம்பரம் நின்றுபோனால் பக்கத்தில் ஓட்டை விழும். அதை அடைக்க நைனா ஒரு கோப்பு வைத்திருந்தார். பஸ் நேரம், கோயில் பூஜை நேரம், ரேஷன் கடை விடுமுறை. எந்த வாரமும் போடலாம், எவனும் அடிக்க வரமாட்டான் என்பார். ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய இதழில் மூன்றாம் பக்கத்தில் ஒரு மனை விளம்பரம் நின்றுவிட்டது. நைனா அன்று பழைய வழக்கு ஒன்றுக்காகத் திருவள்ளூர் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். போனில் கேட்டேன்.

"பஸ் டைம் போடும்மா" என்றார்.

"போன மாசம்தானே நைனா போட்டோம்?"

"கிருத்திக கூட்டம் வருது இல்ல? ஜனங்களுக்கு வேணும். போடு."

நான் போடவில்லை. அந்த வாரம் எல்லோருடைய செல்போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கிருத்திகைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஆந்திர எல்லை தாண்டி வருகிறார்கள், மூட்டையோடு தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள் என்று. எங்கள் தெருவிலேயே பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் நேரத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். 'பெற்றோர்களே உஷார்' என்று பெரிய எழுத்தில் தலைப்புக் கொடுத்து, அந்தச் செய்தியை நல்ல தமிழில் திருத்தி, ஓட்டையை அடைத்து அனுப்பிவிட்டேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை பகலில் நகரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சீவிக் கொட்டிய தலைமுடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர். வருடக்கணக்காக நம் பக்கத்து ஊர்களுக்கு வருகிறவர்தான். தோளில் மூட்டை இருந்தது, ஒரு வீட்டு வாசலில் குழந்தையிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை, அங்கே நமக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டித் தூணில் அவரைக் கட்டினார்கள். செருப்பால், கட்டையால், சைக்கிள் செயினால் அடித்தார்கள். நடுவில் ஒரு பெரியவர், "விசாரிச்சுட்டு அடிங்கடா" என்று தடுத்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவன் நம் இதழைப் பிரித்துக் காட்டி, "பேப்பர்லயே போட்டுகிறான், இன்னா விசாரிக்கிறது?" என்று உரக்கப் படித்தானாம். செல்போனில் வந்ததை நம்பாதவர்களும் அதைக் கேட்டுக் கட்டையை எடுத்தார்கள். போலீஸ் வந்து அவிழ்த்தபோது அவருடைய இடது கண் போயிருந்தது.

ஞாயிறு காலையில் மனைக்காரர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். போன மாதமே இதழை நைனாவுக்குக் கொடுத்துவிட்டதாகப் பழைய தேதி போட்டு ஒரு காகிதம் கொண்டுவந்தார். நைனா கையெழுத்துப் போட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக உதை வாங்கிய இதழுக்கு அவர் முதலாளியானது அப்படித்தான்.

மதியம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். இன்ஸ்பெக்டர் மூன்றாம் பக்கத்தை மேசையில் போட்டு, "இதை யார் எழுதுனது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். நைனா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். விரல் நகம் பெயர்ந்துவிடும் போல மிதித்தார்.

"கடைசிப் பக்கத்துல கீழ பேரு கீது பாருங்க சார். நான்தான்."

பதினைந்து நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த அன்று அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் காபியை வாங்கிக்கொண்டு, "பஸ் டைம் போடுன்னு சொன்னேனேம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அதன்பிறகு ஏழு வாரம் அவரே முதலாளியாக இதழைக் கொண்டுவந்தார். ஏழு இதழிலும் முதல் பக்கத்தில் ஒரே செய்தி. 'நாங்கள் வெளியிட்டது பொய். பிள்ளை பிடிக்கிறவர் யாரும் வரவில்லை. அதை நம்பி ஒரு நிரபராதியை அடித்துக் கண்ணைப் பறித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.' இடையில் இரண்டு முறை அந்த மனிதரின் வீட்டுக்குப் போனார். முதல் முறை அவருடைய மனைவி பழப் பையைச் சாலையில் வீசினார். இரண்டாம் முறை கதவைத் திறக்கவே இல்லை. நைனா வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

எட்டாவது வாரம் காலை பத்து மணிக்கு மூன்று பைக்கில் ஆட்கள் வந்தார்கள். "எங்கள கண்ண புடுங்குனவனுங்கன்னு எழுதிகினே இருப்பியா?" என்று கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அறுபது தாண்டிய மனிதரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, வாசற்படியில் போட்டு, இடுப்பிலேயே மிதித்தார்கள். அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைத் தூக்கி ஒருவன் முதுகில் ஊற்றினார். நான் அரிவாள்மனையோடு வந்தேன். அதற்குள் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதழும் அன்றோடு நின்றது. நைனா அதன்பிறகு படுக்கையை விட்டு எழவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

உண்மையைச் சொல்லட்டுமா என்று அந்த ஐந்து மாதமும் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நான் கீற வரைக்கும் வாய தொறக்காத" என்றார். இப்போது அவர் இல்லை.

நைனாவுக்கு மருந்து போட்டுப் புரட்டிப் படுக்கவைத்த அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாக்களுக்கு நன்றி. படுக்கைக்கு வந்து தினமும் பேப்பர் படித்துக் காட்டிய பழைய மிஷின்மேன் அண்ணனுக்கு நன்றி. ஆட்டோ, ஆம்புலன்ஸ், சுடுகாடு என்று எல்லாவற்றுக்கும் அலைந்த அக்காவின் கணவர், எங்கள் பாவாவுக்கு நன்றி. போன மாதம் என்னை நகரிப் பக்கம் அழைத்துப் போனவரும் அவர்தான்.

இந்த முறை கதவு திறந்தது. அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். எழுதியது நைனா இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவருடைய மனைவி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"நுவ்வா? நீயா எழுதுன?"

"ஆங்."

கன்னத்தில் விட்டார். காது அடைத்துப் போனது. மறுபடியும் விட்டார். ஓடி வந்த பாவாவை நான் கையை நீட்டி நிறுத்தினேன். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது கட்டிலிலிருந்து அவர் பேசினார்.

"உட்டுடு. அவங்க நைனா ரெண்டு வாட்டி வந்து இந்த வாசல்ல நின்னாரு. தப்பு என்னுதுன்னு சொன்னாரே தவிர, பொண்ணு பேர வாயில எடுக்கல."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். மன்னித்துவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அம்மா கொடுத்த இரண்டு அடிக்கும் இந்த மலரின் வழியாக என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன். நைனா எனக்காக வாங்கியவற்றில் அந்த இரண்டு அடியாவது உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

உறவினர்களே, நண்பர்களே, இனி எந்த வீட்டு விசேஷத்திலும் அந்தப் பேச்சு வந்தால் நைனாவை விட்டுவிடுங்கள். அந்தச் செய்தியைப் போட்டவள் நான்.

இப்படிக்கு,
அவருடைய இளைய மகள்