முதுகில் ஒட்டும் பெயர்

எங்கள் கடையில் விளையாட்டுச் சட்டைகளின் முதுகில் ஆட்டக்காரர் பெயரைச் சூடு வைத்து ஒட்டுவது என்னோடு வேலை பார்க்கும் அக்காதான். உரிப்பதற்கும் அவளை விட்டால் ஆளில்லை. எழுத்தைச் சூடாக்கி, ஆறுவதற்குள் நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பு. வாயும் அதே சூடு.

எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் பெண்டாட்டியை அடித்து ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டான் என்று செய்தி வந்ததும் கடையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாருக்கும் அவன் பெயரை உரித்துத் தர வேண்டுமாம்.

“த்தூ! இவன் பேரைச் சுமந்துக்கிட்டு எப்படித் தெருவுல நடப்பேன்?” என்றார் ஒரு வாத்தியார்.

அக்காவுக்கு விரல் கொப்பளித்தது, மனசு குளிர்ந்தது. அவள் தங்கை, புருஷன் முறுக்கி உடைத்த கையில் மாவுக்கட்டோடு அக்கா வீட்டில்தான் இருந்தாள். அவளைக் கடைக்கே கூட்டி வந்து காட்டினாள்.

“பாருடி, ஊரே காறித் துப்புது. அவ்வளவு பெரிய ஆளுக்கே இந்தக் கதி, உம் புருஷன் எம்மாத்திரம்? போய்ப் புகார் குடு.”

தங்கை நம்பினாள், கொடுத்தாள்.

அணி அவனை விலக்கவில்லை. விசாரணை முடியட்டும் என்றது. அடுத்த ஆட்டத்தில் அவன் ரெண்டு கோல் போட்டான். மறுநாள் அதே ஜனம், அதே சட்டை, திரும்ப ஒட்டித் தரச் சொல்லி. வாத்தியாரும் நின்றார்.

“என்ன சார், தெருவுல எப்படி நடப்பீங்க?” என்றேன்.

“ஆட்டம் வேற, வீடு வேறம்மா. அவ என்ன வாய் பேசினாளோ!”

அவர் சட்டையைப் பொசுக்கிவிடலாம் போல இருந்தது எனக்கு. முதலாளி பக்கத்திலேயே நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒற்றைக் கையால் சட்டை மடித்துக்கொண்டிருந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டாள்.

“இவங்கள நம்பாதடி,” என்று அக்கா கெஞ்சினாள்.

“நீதானேக்கா நம்பச் சொன்னே?”

அக்கா அடுத்த சட்டையை மெஷினில் வைத்தாள்.

சாயங்காலம் தங்கையின் புருஷன் வந்து நின்றான். அவன் கையிலும் ஒரு புதுச் சட்டை.

“இதுல பத்தாம் நம்பர் பேரை ஒட்டுங்க,” என்றவன் தங்கையிடம் திரும்பினான். “நீ புகாரை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்குக் கிளம்பு. அவனையே ஊரு மன்னிச்சிருச்சு, நீ என்னடி பெரிய இவ?”

“வெளியே போடா!” அக்கா மெஷினை அணைத்தாள். வரிசையில் நின்ற ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தாமதமாகிறதே என்று வாத்தியார்தான் முனகினார்.

தங்கை எழுந்து, புருஷனிடமிருந்து சட்டையை வாங்கி அக்காவிடம் நீட்டினாள்.

“சீக்கிரம் ஒட்டிக் குடுக்கா. நேரமானா இவருக்குக் கோவம் வரும்.”