தைல இலை போட்ட நிலம்

ஆந்திராவில், வெதுருகுப்பம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் இருக்கிறது. நிலம் இல்லாதவர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்தது. அதற்கு முன்பு என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எல்லோரும் அடுத்தவர் நிலத்தில்தான் விதைத்தோம், பிடுங்கினோம். அப்போதெல்லாம் என் கை நல்ல கைதான். ஆடி மழை விழுந்ததும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை விதைக்க என்னைத் தேடி வருவார்கள். உழவுச் சாலில் ஒரே அளவாக விதை விடுகிறேன் என்பார்கள். சொந்த நிலத்தில் விதைத்த பிறகுதான் அது ராசியில்லாத கை ஆனது.

எங்கள் கிழக்கு வரப்பை ஒட்டி, அடுத்த நிலத்துக்காரர் வரிசையாகத் தைல மரம் வைத்திருக்கிறார். காகித ஆலைக்கு வெட்டி அனுப்புகிற மரம். கோடையில் அதன் இலைகள் உதிர்ந்து கணுக்கால் உயரம் கிடக்கும். காய்ந்த பிறகும் வாசனை போகாது. எங்களிடம் மாடு கிடையாது. மாடு இல்லாத வீட்டுக்கு எரு எங்கிருந்து வரும்? மற்ற மரத்து இலை மட்கி எருவாகிறதே, இது ஆகாதா என்று நினைத்தேன். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரரை விட்டுக் கேட்டேன்.

"எல தானே? வாரிக்கினு போவச் சொல்லுப்பா. எனக்கும் எடம் சுத்தமாவும்" என்றாராம்.

கூடை கூடையாக வாரித் தலையில் சுமந்து கிழக்குப் பாதி முழுக்கப் பரப்பினேன். மேற்குப் பக்கம் பரப்பவென்று ஒரு குவியல் கொட்டி வைத்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது. குவியலை இருந்த இடத்திலேயே கலைத்துவிட்டு உழவுக்கு விட்டோம்.

மேற்கில் கடலை பச்சென்று வந்தது. கிழக்கில் சொட்டை. முளைத்த கொஞ்சமும் நோஞ்சானாக நின்றது.

அடுத்த நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "ஏம்மா, மல்லாட்டைய வெதச்சியா, வறுத்துப் பொதச்சியா?" என்றார். களை எடுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதோடு விடவில்லை. டீக்கடையிலும் பேசியிருக்கிறார். கூலிக்கு விதைத்தால் வரும் கை, சொந்தத்துக்கு விதைத்தால் வராதாம். சில பேருக்கு நிலம் ஒத்துக்கொள்ளாதாம். சில பேர் என்றால் யார் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறார். ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார். "நெலத்த பக்கத்து நெலத்துக்காரருக்கே கவுலுக்கு உட்டுட்லாம்னு கீறேன். அவரு அதுலயும் தைல மரமே வச்சிக்கிறாராம். நீயும் திருப்பதி வந்துடு. எங்க ஓட்டல்ல காய் நறுக்க ஆளு கேட்டுக்கினு கீறாங்க."

கவுலு என்று குத்தகைக்குக் கொடுத்து, மரம் வேர் பிடித்துவிட்டால் அந்த நிலம் எங்களுக்குத் திரும்பி வராது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் தட்டெடுத்து அவருக்குச் சோறு போட்டேன்.

மறுநாள் நிலத்துக்குப் போனபோதுதான் மேற்குப் பக்கம் அந்த வட்டத்தைப் பார்த்தேன். சுற்றிலும் செடி, நடுவில் மட்டும் வெறும் மண். நான் இலைக் குவியல் கொட்டிய இடம். தைல மரம் தண்ணீரைக் குடித்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதன் வேர் இவ்வளவு தூரம் வராது, நிழலும் விழாது. மண்ணைக் கிளறினேன். விதை வேர் விட்டு, நுனி கருகிக் கிடந்தது. மண்ணில் தைல வாசனை.

ஊரில் விவசாய அலுவலகத்துப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அவள் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னாள். அந்த இலையில் ஊறும் சாறு மண்ணில் இறங்கி, மற்ற விதையை முளைக்க விடாதாம், முளைத்ததை வளர விடாதாம். பக்கத்தில் போட்டிக்கு எதுவும் வராமல் இருக்க மரம் தானே செய்துகொள்ளும் ஏற்பாடாம். இலையை வாரி எடுத்துவிட்டால் மழைக்கு மண் மெல்லத் தேறும், வரப்பு ஓரத்துக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

மரத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது பிழைக்க அது செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த நிலத்துக்காரர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "எப்ப எழுதிக்கலாம்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். நான் உள்ளே இருந்து வெளியே வந்தேன்.

"நெலம் குடுக்கலண்ணா."

"உன் வூட்டுக்காரரு சரின்னாரே?"

"அவரு சொன்னாரு. நான் சொல்லல."

"உன் கைக்குத்தான் வர்லியேம்மா."

"என் கை நல்லாத்தான் கீது. உங்க மரத்து எலதான் மொளைக்க உடல."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எலைக்கு இன்னா வாயா கீது, வெதைய துன்ன?"

"வாயில்லாம கெடுக்கறதும் கீதுண்ணா. வந்து பாருங்க, காட்டறேன்."

அவர் வரவில்லை. என் வீட்டுக்காரர் வந்தார். வட்டத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க டீக்கடைல கேட்டுக்கினு இருந்தீங்க."

அதற்குமேல் அவர் கவுலுப் பேச்சை எடுக்கவில்லை.

கடலை பிடுங்கிய பிறகு மண்ணில் மிச்சமிருந்த இலையை எல்லாம் வாரினேன். எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தேனோ அந்தப் பக்கமே கொட்டினேன். "குடுத்தத திருப்பியா குடுக்கிற?" என்று அடுத்த நிலத்துக்காரர் கத்தினார். "உங்க மரத்துதுதானே, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். வேர் இந்தப் பக்கம் வராமலிருக்க வரப்பை ஒட்டி நானும் வீட்டுக்காரரும் பள்ளம் எடுத்தோம். காற்றில் வந்து விழும் இலையைத் தினமும் பொறுக்கினேன்.

இந்த ஆடியில் மறுபடியும் நானே விதைத்தேன். அந்த வட்டம் எங்கே என்று இப்போது தேடினாலும் தெரியாது. கிழக்கும் வந்திருக்கிறது. வரப்பு ஓரத்துச் சால்கள் மட்டும் இன்னும் மஞ்சளாகத்தான் நிற்கின்றன.

நான் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த நிலத்துக்காரர் வந்து அந்த ஓரத்தைக் கையால் காட்டினார். "பாத்தியா, இங்க இன்னும் வர்ல."

"வர்லண்ணா. மீதியெல்லாம் வந்துக்கீது."

"சரே, அடுத்த வருசமும் வந்து கேப்பேன்."

"கேளுங்க" என்றேன், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து. "அப்பவும் நான் இங்கதான் இருப்பேன்."