நாத்தனார் வேண்டாமென்ற தண்ணீர்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடையில் நடந்தது இது. அப்போது ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி, முட்டைக்கோஸ் விளைந்த தோட்டத்தில் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். வரிசையாக எட்டு அறைகள். எல்லோரும் இரவும் பகலும் ஷிப்ட் மாற்றி கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பின்னால் எல்லோருக்குமாக ஒரே கக்கூஸ். அதில் குழாய் கிடையாது. டேங்கர் லாரி வரும் அன்று அவரவர் ட்ரம்மில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

என் கணவரின் தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பெற்றோர் இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு! கொஞ்ச நாள் வைத்துச் சீராட்டலாமென்று ஆசை ஆசையாக அழைத்து வந்தேன். கம்பெனிக்கு லீவும் போட்டேன்.

வந்த மறுநாளே அவள் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மோர் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவாள். ரசம் ஊற்றப் போனால் கையைக் குறுக்கே நீட்டுவாள். இத்தனைக்கும் அவளுக்காகவே கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எங்க வூட்டுத் தண்ணிகூட உனக்கு ஆவாதா?" என்று கேட்டே விட்டேன்.

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்ல அண்ணி. தாகமே இல்ல" என்றாள்.

சொந்தக் கிணறும் தோட்டமுமாக வாழ்க்கைப்பட்டவள் என்கிற திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு வீம்பாக நானும் உபசரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமே அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்டில் கட்டிலை ஒட்டியே கக்கூஸ் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், "தண்ணி குடுங்க அண்ணி" என்றாள். ஒரு பாட்டிலை அப்படியே குடித்து முடித்தாள்.

"ஏன்டி, வூட்ல மட்டும் ஏன் வேணாம்னு சொன்ன?"

"அங்க எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்க வரிசையில நின்னுனு இருக்கறாங்க. அவங்க முன்னால பக்கெட்டத் தூக்கினு எத்தினி வாட்டி போறது? உங்க ட்ரம்மும் அடிமட்டத்துக்கு வந்துடுச்சே அண்ணி."

தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கி அடக்கி வைத்ததில், கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாக டாக்டர் சொன்னார். மறுநாள் வலி கண்டது. குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை.

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது? யோசித்துப் பார்த்தால், நானே கம்பெனியில் இருக்கும்போதுதான் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பேன். லீவு நாளில் நாக்கை நனைப்பதோடு சரி. அந்த லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. பழகிப்போனதால் அது ஒரு கஷ்டமாகவே எங்களுக்குப் படவில்லை.

நாத்தனார் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். டேங்கரும் ட்ரம்மும் இங்கேயும் உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது, நான் நீட்டும் சொம்பைப் பார்த்து "வேணாம், தாகமில்ல" என்றால், எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது.