எந்த வீட்டுக் கை

அப்பாவின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தையல்காரர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். சில மாதங்களாக அந்தக் கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. கத்தரிக்கோலைத் தூக்கினால் ஆடுகிறது. நூல் கோக்கப் போனால் ஊசி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். போன மாதம் ஒரு கோட்டுக் காலரை அலை அலையாக வெட்டிவிட்டு, துணி சரியில்லை என்று சாதித்துத் தப்பித்தார்.

போன வாரம் டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், விரலை நீட்டச் சொன்னார். கடைசியில், "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்றார். இருந்தால் பயமில்லை, ஆனால் கடைசிவரை கூடவே வரும். இல்லையென்றால் தலைக்குள் என்ன என்று பார்த்தாக வேண்டும்.

கேட்பதற்கு அப்பா இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். சிறுவயதில் ஊரை விட்டு ஓடிவந்தவர் அவர். ஊர்ப் பேச்சை எடுத்தாலே காது கேட்காதவர் ஆகிவிடுவார். ஊரின் பெயரும், அங்கே தன்னைச் 'சின்னவன்' என்று கூப்பிடுவார்கள் என்பதும் மட்டும் எப்போதோ வாய்தவறி வந்தன. இவர்கள் குடியிருந்த தெருவிலோ அவருக்கு 'அரை டம்ளர்' என்று பெயர். யார் வந்தாலும் அரை டம்ளர் டீதான் ஊற்றுவார். அந்தக் கஞ்சத்தனத்துக்காக அம்மா பட்ட அவமானம் கொஞ்சமில்லை.

சின்னவன் மகன் என்று தெருமுனையில் சொன்னதும், மீசைக்காரர் ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணே! எங்க சித்தப்பா மகனா நீங்க? வாங்க வாங்க!"

"யோவ், விடுய்யா அவரை." எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் குரல். "எங்க சித்தப்பா மகன் அவரு. எங்க வீட்டுலயும் ஒரு சின்னவன் ஓடிப்போனாரு, மறந்துடுச்சா?"

தையல்காரர் நடுத்தெருவில் நின்றார். அண்ணன் தம்பி இருவரின் வாரிசுகள் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். எதற்குச் சண்டை என்பது மறந்துவிட்டது, சண்டை மட்டும் இருந்தது. இரண்டு வீட்டிலும் இளைய பையனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். இரண்டு பையன்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கம்பி நீட்டியிருக்கிறார்கள்.

அப்பாவின் போட்டோவை எடுத்துக் காட்டினார். "எங்க மூக்கு!" என்றார் மீசைக்காரர். அந்தப் பெண் தெருவில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "உங்க மூக்குதான் எங்க மூக்கும். இதுல என்னத்தைக் கண்டுட்டே?"

முதலில் கட்டிப்பிடித்தவர் மீசைக்காரர் என்பதால் முதலில் அவர் வீடு. நாற்காலி வந்தது. மீசைக்காரர் டீயை ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஊற்றினார். டம்ளர் விளிம்பு வரை தளும்பி நின்றது. வெளியே ஒரு சொட்டு இல்லை. தையல்காரர் அந்தக் கையையே பார்த்தார். கல்லில் செதுக்கிய கை மாதிரி இருந்தது. இப்படி ஒரு வீட்டில் பிறந்தவர் மகனாக இருக்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? ஆனால் அப்படியென்றால் தலைக்குள்ளே என்ன?

"இங்க யாருக்காவது கை நடுங்குமா?"

"நம்ம வீட்டுலயா? எங்கப்பா கடைசிக் காலத்துலயும் கண்ணாடி இல்லாம தானே சவரம் பண்ணிக்கிட்டாரு. நடுக்கமெல்லாம் எதிர்வீட்டுச் சொத்து. அது இருக்கட்டும், குடிங்க."

தூக்கினால் சட்டை நனைந்துவிடும். தையல்காரர் டம்ளரை மேஜையிலேயே விட்டுவிட்டு, குனிந்து வாயை வைத்து உறிஞ்சினார்.

"என்னண்ணே, பூனை மாதிரி?"

"சூடு" என்றார் தையல்காரர்.

எதிர்வீட்டுக்குப் போகும்போது தெருவின் அகலம் போதவில்லை அவருக்கு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. போகிற வீடு என்றால் உயிருக்குப் பயமில்லை, தொழில் போச்சு. வந்த வீடு என்றால் தொழிலை விடுங்கள், ஆள் இருப்பதே சந்தேகம்.

அந்த அக்கா அதிகம் பேசவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது டம்ளர் மேஜையில் கடகடவென்று தாளம் போட்டது. ஆனால் சிந்தவில்லை. டம்ளரில் பாதிதான் இருந்தது.

தையல்காரர் டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் அக்காவின் பேத்திக்கும் அரை டம்ளர் பால். மூலையில் குடம், அதிலும் பாதி தண்ணீர்.

"எல்லாமே பாதியா இருக்கே அக்கா?"

"இந்த வீட்டுப் பழக்கம். கை ஆடுதோ இல்லையோ, சின்னதுலயே பழக்கிடுவோம். நிறைச்சா சிந்தும்."

"எங்க அப்பாவும்..." என்று ஆரம்பித்தார். அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக் குடிப்பார். குளிருக்கு என்று இத்தனை வருஷமும் தையல்காரர் நினைத்திருந்தார்.

"அவர் கை ஆடி நான் பார்த்ததே இல்லக்கா."

"சும்மா வச்சிருந்தா ஆடாது. தூக்கினாத்தான். நீ கையை வெளிய எடு. பாக்கெட்டுக்குள்ள கோழிக்குஞ்சு வச்சிருக்கிற மாதிரி இருக்கு."

எடுத்தார். ஆடியது. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதோட எத்தனை நாள் இருப்பாங்க?"

"எங்கப்பாவா? நாங்க எல்லாரும் அலுத்துப்போற வரைக்கும் இருந்தாரு. நீ என்ன தொழில்?"

"தையல்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்றாள். இரண்டுமே அவருக்குச் சரியாகத்தான் பட்டது. சந்தோஷப்பட வேண்டுமா, துக்கப்பட வேண்டுமா என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. டீயைத் தூக்கிக் குடித்தார். உள்ளே அலையடித்தது, சிந்தவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார். மறுபடியும் பாதி.

வெளியே வந்தபோது மீசைக்காரர் தன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, முடிவாச்சா?"

தையல்காரர் பழக்கம் மறந்து, வலது கையைத் தூக்கிக் காட்டினார். மீசைக்காரர் அதைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"அட, அந்த வீட்டுக் கைதானா!"

உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார்.

"சரி, அதுக்கென்ன. சாப்பாடு நம்ம வீட்டுலதான். டம்ளரை நிறைக்க மாட்டேன், வாங்க."