எவர்சில்வர் சம்புடமும் எங்கள் வீட்டு பெல்லும்

என் வீட்டுக்காரர் லக்ஷ்மிகாந்துக்கு ஃபியூஸ் போடத் தெரியும். அதற்கு மேல் மின்சாரத்தோடு பழக்கம் கிடையாது. திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஹெட்கிளார்க். ஐம்பத்தாறு வயது. கோபம் வராது, வந்தாலும் வெளியே தெரியாது. கோபப்படுகிற வேலையை முப்பது வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் காது போய் மூன்று வருஷம் ஆகிறது. எதிரே நின்று முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் புரியும். காதில் மாட்டுகிற மிஷின் வாங்கினோம். பாத்திரம் உருளுகிற சத்தமெல்லாம் மண்டைக்குள் வந்து இடித்தது. பேச்சு மட்டும் வரவில்லை. கழற்றி வைத்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் பெல் அடித்தால் பின்கட்டுச் சமையலறையில் நல்ல காதுக்கே பாதிதான் கேட்கும்.

போன பங்குனியில் என் அக்கா ஹம்ஸா பெங்களூரிலிருந்து சொல்லாமல் வந்து நின்றாள். பெல் அடித்திருக்கிறாள், கதவைத் தட்டியிருக்கிறாள், போன் பண்ணியிருக்கிறாள். முக்கால் மணி நேரம். நான் உள்ளே நிம்மதியாகச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் மயங்கிப் படியிலேயே சரிந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து, என் எதிரே நின்று கூப்பிட்டார். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்றிலிருந்து வாசல் அறையை விட்டு நான் நகரவில்லை. அவர் ஆபீஸுக்குக் கிளம்புவதற்குள் குளித்து, தளிகை பண்ணி, பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிவிடுவேன். பிறகு சாயங்காலம் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். காய் நறுக்குவது, சாப்பிடுவது எல்லாம் அங்கேதான். மத்தியானம் கண் அசருவதில்லை. பின்கட்டுக்குப் போனால் ஓட்டமாய்ப் போய் ஓட்டமாய் வருவேன். சொந்த வீட்டில் வாட்ச்மேன் உத்தியோகம்.

இதை அவர் நாலு மாதம் பார்த்தார். ஆடியில் ஒரு நாள் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு எலெக்ட்ரானிக் போர்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை வாசல் பெல்லோடு சேர்க்க வேண்டும், இன்னொன்றைச் சமையலறை விளக்கோடு. யாராவது பெல்லை அமுக்கினால் வாசல் போர்டு கம்பியில்லாமல் சேதி அனுப்பும். உள்ளே விளக்கு விட்டுவிட்டு எரியும்.

“ஏன்னா, இதெல்லாம் உங்களால ஆகற காரியமா?” என்றேன்.

“ஆகலேன்னா என்ன குடியா முழுகிப்போறது? பாக்கலாமே.”

முதல் வாரம், ப்ரோக்ராம் ஏற்ற லேப்டாப்பில் மாட்டினால் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததே தவிர, லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. யூட்யூப்பைப் பார்த்து என்னென்னவோ செய்தார். கடைசியில் கடைக்காரர் அர்ஹம் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். இதுல ப்ரோக்ராம் போகாது” என்று வேறு கொடுத்தாராம். அப்புறம் ப்ரோக்ராம் ஏறும்போது போர்டில் கடுகத்தனை ஒரு பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த உத்தியோகம் எனக்கு. நகத்தால் அமுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை மேல் இரண்டு போர்டும் பேசிக்கொண்டன. பெல்லை அமுக்கினார், விளக்கு சிமிட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாசலில் சாரல் அடிக்கும், அணில் வயரைக் கடிக்கும். அவர் போர்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றப் போனார். இவ்வளவு பாடுபட்டதை மளிகைக் கடைக் கவரிலா சுற்றுவது? உள்ளே போய் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த எவர்சில்வர் சம்புடத்தை எடுத்து வந்தேன். மூடியில் ‘ரங்கநாயகி’ என்று பேர் வெட்டியிருக்கும்.

“இதுல ஓட்டை போடணுமேடி.”

“போடுங்கோ. எனக்காகப் பண்றது, என் பேரோடயே இருக்கட்டும்.”

வயர் நுழைய ஓட்டை போட்டு, போர்டை உள்ளே வைத்து, அழுத்தி மூடினார். பெல்லை அமுக்கினார். விளக்கு எரியவில்லை.

பன்னிரண்டு நாள் எரியவில்லை. சாயங்காலம் வந்ததும் வயரை மாற்றுவார், சமையலறை போர்டைக் கூடத்துக்குக் கொண்டு வருவார், சம்புடத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார். “சிக்னல் கொஞ்சம் வீக். சரி பண்ணிடலாம்” என்பார். எனக்குப் பொறுமை போயிற்று. “மேஜை மேல எரிஞ்சது வாசல்ல எரியாதா? ஒரு பெல் வைக்கத் துப்பில்லை” என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் சம்புடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அர்ஹமை நானே கேட்கிறேன் என்று கூடப் போனேன். சம்புடத்தைப் பார்த்ததும் அர்ஹம் இவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதித் தரச் சொன்னேன். பில்லின் பின்பக்கத்தில் அர்ஹம் எழுதினார்: ‘எவர்சில்வர் டப்பாவை மூடினா சிக்னல் வெளியே வராதும்மா. இதுல வெச்ச மறுநாளே சார்கிட்ட சொல்லிட்டேன்.’

“தெரிஞ்சுண்டேவா இத்தனை நாள் என்கிட்ட திட்டு வாங்கினேள்?”

என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். “இந்த நாலு மாசத்துல நீயா ஆசையா எழுந்து போய் எடுத்துண்டு வந்தது அது ஒண்ணுதான். அது ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? மூடியை லேசாத் திறந்து வெச்சாலாவது வருமான்னு பாத்துண்டிருந்தேன்.”

இப்படியும் ஒரு அசடு உண்டா? அர்ஹமிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் அவர் கையைப் பிடித்தபடியே வந்தேன். எங்கள் வயசுக்கு அது அதிகம்தான். யார் பார்த்தால் என்ன?

பிளாஸ்டிக் டப்பாவில் அன்றைக்கே எரிந்தது. ஆனாலும் வாசல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. புதன்கிழமை காலையில், இன்றைக்கு உள்ளேதான் இருக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பதறி ஓடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நடந்து போய்த் திறந்தேன். அவர்தான் நின்றார்.

“என்ன, உடம்பு சரியில்லையா?”

“அரை நாள் லீவ் போட்டேன்.”

“எதுக்கு?”

“பெல் அடிக்க,” என்றார். “நீ உள்ளேர்ந்து நடந்து வந்து எனக்குக் கதவைத் திறந்து மூணு வருஷமாச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “உள்ள வாங்கோ, வெயில்” என்றேன். அவர் வரவில்லை.

“இன்னொரு தடவை அடிக்கட்டுமா?” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு நான் சமையலறைக்கு நடந்தேன்.