வெள்ளைச் சங்குப்பூவின் கடைசிக் காய்

சிதம்பரத்தில் மச்சான் வீட்டுக் கொல்லைச் சுவரை இடித்துக் கட்டினார்கள். அதில் படர்ந்திருந்த வெள்ளைச் சங்குப்பூக் கொடியும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு காய், உள்ளே ஆறு விதை. கட்டட வேலை முடியும்வரை கடலூரில் போட்டு வளர்க்கச் சொல்லி, அங்கே நாளிதழ் நிருபராக இருக்கும் என்னிடம் தந்தார். அவர் வீட்டுப் பூஜைக்கு அந்தக் கொடியின் பூதான், வெளியில் வாங்கியதில்லை.

ஆறும் முளைத்தன. ஆறும் நீலமாகப் பூத்தன.

போனில் சொன்னேன். "உங்க பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்க. இதுக்கு என்ன போடப் போறீங்க மச்சான்?" என்றார்.

"நான் விதையை மாத்தலை."

"மாத்தாம கலர் எப்படி மாறும்? கடலூர் தண்ணிக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். அவள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். பூவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்: "அந்தக் காய் எங்க இருந்துச்சு?"

"சுவத்து உச்சியில. பக்கத்து வீட்டு நீலக்கொடி ஏறிக் கெடக்குமே, அங்க."

"கீழ ஒண்ணும் காய்க்கலையா?"

"எப்படிக் காய்க்கும்? கைக்கு எட்டுற பூவ எல்லாம் தினம் சாமிக்குப் பறிச்சுடுவேனே."

நீல நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு செடியிலும் இரண்டு பிரதி இருக்கும் என்றாள். ஒன்று தாய்ச்செடி தருவது, மற்றது மகரந்தம் தருவது. வெள்ளைக்கொடியில் இரண்டுமே பழுது. உச்சியில் இருந்த பூவுக்கு வண்டு பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நீலத்துக்குப் பழுதில்லாத ஒரு பிரதியே போதும்.

"வெள்ளை எங்கயும் போயிடலப்பா, உள்ளதான் இருக்கு. மாமா, இதுங்க பூவப் பறிக்காதீங்க. தன் மகரந்தத்துலயே காய்க்கட்டும். அந்த விதையப் போட்டா சுமாரா நாலுக்கு ஒண்ணு வெள்ளை வரும்."

வண்டு அண்டாமல் இருக்க, கொசுவலைத் துணியில் சிறு பைகள் தைத்து மொட்டுகளுக்குக் கட்டினேன். காய்கள் முற்றியதும் விதை எடுத்துத் தொட்டிகளில் போட்டதில் பதினாறு முளைத்தன. முதலில் பூத்த ஒன்பதும் நீலம். "இன்னைக்கு என்ன செய்தி?" என்று மச்சான் தினமும் காலையில் கேட்பார். பத்தாவது செடி வெள்ளை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பூக்கூடையோடு வந்துவிட்டார். கை அந்தப் பூவின் காம்புவரை போய் நின்றது.

"அந்தப் பை ஒண்ணு குடுங்க."

அதே கொடியில் பக்கத்து மொட்டுக்குத் தானே கட்டினார். பிறகு மற்ற தொட்டிகளில் நீலப் பூக்களைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.